முதுகு காட்டி நின்ற பேய்

காஸ்தெல்வேந்தோ,
26 அக்டோபர் 1964, திங்கள்

உருளைக்கிழங்குப் படையின் மாண்புமிகு தளபதி துல்லியோ அண்ணன் அவர்களுக்கு,

நாட்டைக் காக்கப் போன நீ ஊதினே முகாமின் சமையற்கட்டில் கிழங்கு சீவிக்கொண்டிருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். எதிரி வந்தால் அந்தக் கத்தியைக் காட்டிவிடாதே. சிரித்தே செத்துவிடுவான், பழி உன்மேல் விழும்.

வேடிக்கை இத்தோடு முடிந்தது. 

நேற்று மேட்னிக்குப் போனேன். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லாத படம். எனக்குப் பதினாறு. ஆகவே எல்வீரா அத்தையின் வலைத்துணி வைத்த கறுப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனேன். டிக்கெட் கிழிப்பவன் என்னை யாரோ புதிதாகப் புருஷனை இழந்தவள் என்று நினைத்து, "ரொம்ப வருத்தமா இருக்கும்மா" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டான்.

படத்தின் பெயர் ‘கதவு மூடாத மாளிகை’. இயக்கியவர் ஆர்ச்சிபால்ட் ஃபாக்ஸ்லி என்று போஸ்டரில் போட்டிருக்கிறது. ஆபரேட்டர் நாந்தோ சொல்கிறான், ஆள் ஃப்ரோசினோனேக்காரராம், அவருடைய அம்மா இன்னும் சந்தையில் கோழி விற்கிறாளாம். நம்மாள் எடுத்த பேய் என்றால் நம்மாள் பயப்பட மாட்டான். பேய்க்கு முன்னால் பேரை மாற்றினால்தான் பேய்க்கே மரியாதை.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. மழை, குதிரைவண்டி, ஒரு மாளிகை. புது மணப்பெண் வந்து இறங்குகிறாள். அந்த வீட்டில் கதவுகள் மூடுவதில்லை. சாத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒரு விரல் அகலம் திறந்திருக்கும். படம் முழுக்க ஒரே ஒரு சொட்டு ரத்தம், அதுவும் கறுப்பு வெள்ளையில் மை சிந்தியதுபோல இருக்கிறது. ஆனாலும் இருநூறு பேர் மூச்சுவிடாமல் ஒரு கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். தினம் மாட்டை வெட்டுகிற பெர்த்தோ, இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்த மாளிகையின் பழைய சீமாட்டி வருகிறாள், பேயாக. வெள்ளை உடுப்பு, இடுப்புவரை கூந்தல். ஒரு காலி அறையின் வாசலில், நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். நின்றுகொண்டே பேசுகிறாள்.

"யாரு இன்னும் முழிச்சிருக்கா? ரெண்டு பேரா, ஒண்ணரைப் பேரா?"

துல்லியோ, அது அம்மா.

அம்மாவைப் போல என்று சொல்லவில்லை. அம்மாவேதான். ‘ஒண்ணரை’க்கு முன்னால் ஒரு குட்டி மூச்சு, பின்னால் மூக்கால் வருகிற அந்தச் சிரிப்பு. நாம் முன்னே இருந்த தெர்னி வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, கதவருகே நமக்கு முதுகைக் காட்டி நின்று தினமும் கேட்பாளே. நீ ஒன்று, நான் அரை. "யாருமில்ல" என்று நாம் இரண்டு பேரும் கத்த வேண்டும். கத்தினால் தூங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

நேற்று கொட்டகையில் நான் கத்தப் பார்த்தேன். வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. தொப்பியின் வலைத்துணியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு எட்டு வயதில், வடக்கே மலைமேல் நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் அம்மா செத்துப்போனாள். தொற்றிக்கொள்ளும் என்று அப்பா நம்மைப் பார்க்கக்கூட அழைத்துப் போகவில்லை. இந்தப் படம் எடுத்தது இந்த வருஷம். கணக்கில் நீ கெட்டிக்காரன். போட்டுப் பார்த்துச் சொல்.

அரை
(லோரெதானா)


ஊதினே,
29 அக்டோபர் 1964

லோரெதானா,

உன் கடிதம் வந்தது. நான் நலம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

போன வருஷம் மருந்துக்கடைக்காரர் மகள் எழுதியதுபோல எனக்கு ஒரு கடிதம் எழுதினாய். நான் சட்டைக்குக் கஞ்சி போட்டு, தலையைப் படிய வாரி, நீரூற்றடிக்குப் போனேன். அங்கே ஒரு கழுதை தொப்பி போட்டுக்கொண்டு நின்றது. ஊரே சிரித்தது. இரண்டு நாள் கழித்து நானும் சிரித்தேன். உன் விளையாட்டுக்கு நான் கோபித்துக்கொண்டதே இல்லை என்பது உனக்குத் தெரியும்.

இதற்கு என்னால் சிரிக்க முடியாது. செத்தவர்களை விட்டுவிடு.

பிள்ளைகளைத் தூங்கவைக்கும்போது எல்லா அம்மாக்களும் ஏதாவது இப்படிச் சொல்கிறவர்கள்தான். யாரோ எழுதினார்கள், யாரோ பேசினார்கள். இருட்டில் நீ கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டிருக்கிறாய். அந்த மாதிரிப் படங்களுக்கு இனிமேல் போகாதே.

இதை அப்பாவிடம் சொல்லாதே. வருகிற திங்கள் இறந்தோர் நாள், மனிதர் ஏற்கெனவே வாடிப்போயிருப்பார். மறுபடியும் சொல்கிறேன், அப்பாவிடம் சொல்லாதே.

துல்லியோ


காஸ்தெல்வேந்தோ,
3 நவம்பர் 1964, செவ்வாய்

துல்லியோ,

நீ நம்பமாட்டாய் என்று எனக்குத் தெரியும். கழுதைக்குத் தொப்பி போட்டவள் வார்த்தையை எந்தக் கழுதை நம்பும்? ஆனால் ஒன்றுமட்டும் உறுத்துகிறது. குரல் எப்படி இருந்தது என்று நீ கேட்கவே இல்லை. கேலிக்காகக்கூடக் கேட்கவில்லை.

போகட்டும். படத்தை இன்னும் மூன்று தடவை பார்த்தேன், நாந்தோவின் மெஷின் அறையிலிருந்து. கூட்டம் குறையாததால் இரண்டாவது வாரமும் ஓடுகிறது.

பேயாக நடித்தவள் ஸ்வீடன்காரியாம். நம் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாதாம். படம் பிடிக்கும்போது அவள் தன் பாஷையில் ஏதோ சொல்லுவாள், எதிரே நிற்பவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவான், கேமரா கரகரவென்று அரைத்துக்கொண்டிருக்கும். யாருடைய சத்தமும் பதிவாகாது. எல்லாம் முடிந்தபிறகு ரோமில் ஒரு இருட்டறையில் வேறு ஆட்கள் நின்று குரல் கொடுப்பார்கள். அவர்கள் பெயரைத் திரையில் போடுவதில்லை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாந்தோ சொன்ன இன்னொன்றுதான் எனக்குத் தெரியாது.

"வாய் தெரியுற எடத்துல உதட்டுக்கு அளந்து பேசணும். முதுகு காட்டிட்டா யாரு அளக்குறது? அங்க குரல் குடுக்கிறவ எதைச் சொன்னாலும் ஒட்டிக்கும்."

அந்தப் படத்தில் குழந்தைகளே கிடையாது, துல்லியோ. ஒரு தொட்டில்கூட இல்லை. அந்த அறை காலி. பிறகு பேய் யாரை எண்ணுகிறது? ஒவ்வொரு காட்சியிலும் அந்த இடத்தில்தான் ஜனங்கள் பக்கத்து ஆளின் கையைப் பிடிக்கிறார்கள். யாரைக் கேட்கிறது என்று தெரியாததால், தன்னைத்தான் கேட்கிறதோ என்று ஒவ்வொருவருக்கும் தோன்றுகிறது. என்னைத்தான் கேட்கிறது என்று அந்த இருநூறு பேரில் எனக்குமட்டும் தெரியும்.

அடுத்ததைச் சொன்னால் திட்டுவாய். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீ கேட்டுக்கொண்டபடி. ஒரு டிக்கெட் மட்டும் கொடுத்தேன். ராஜாக்கள் காலத்துப் படம், நாந்தோ இனாமாகக் கொடுத்தான் என்றேன். முந்தாநாள் எல்லாப் புனிதர் நாள், ஆபீஸ் விடுமுறை. மனிதர் சவரம் செய்துகொண்டு போனார். நான் மெஷின் அறையின் சின்ன ஓட்டை வழியாக அவருடைய வழுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேய் வந்தது. முதுகைக் காட்டியது. கேட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். அப்பா மடியிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அந்த இருட்டில், உட்கார்ந்த வாக்கில். பிறகு எழுந்து, வரிசையிலிருந்த ஒவ்வொரு முழங்காலிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வெளியே போய்விட்டார்.

நேற்று கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வேறு ஊரில் புதைக்கப்பட்டவர்களுக்கு நடுச்சிலுவையடியில் விளக்கு வைப்போமே, அங்கே வழக்கம்போல அம்மாவுக்கு ஏற்றக் குனிந்தார். நான் மெதுவாகக் கேட்டேன், அம்மா செத்த தேதி என்னப்பா என்று. நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுகிற மனிதர். இந்த ஊரில் யார் எந்தக் கிழமை செத்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தீக்குச்சி எரிந்து விரலுக்கு வந்துவிட்டது, அவருக்குத் தெரியவில்லை.

"குளிர்காலம்" என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பேய்க்கில்லை. பேய் இல்லையோ என்று.

லோரெதானா


ஊதினே,
9 நவம்பர் 1964

லோரெதானா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அம்மா சாகவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது. தெர்னி வீட்டில் சமையலறைக் கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. அந்தப் படத்தைப் பற்றி நீ எழுதிய அதே அளவு. அம்மா வேறொருவரோடு ரோமுக்குப் போவதென்று முடிவு செய்திருந்தாள். ஒலிப்பதிவு வேலை பார்க்கிற ஆள். அப்பா ஒரு கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தால் அவளுக்குச் சிறை. நம் சட்டம் அப்படி. அப்பா கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

"புகார் குடுக்க மாட்டேன். ஆனா புள்ளைங்களுக்கு நீ செத்துட்ட. எழுத்து வரக்கூடாது, ஆள் வரக்கூடாது. வந்தா அன்னைக்கே கையெழுத்துப் போடுவேன்."

அம்மா சரி என்றாள். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். அன்று சாயங்காலமே சுவரிலிருந்த சிலுவையைக் கழற்றி என் கையில் கொடுத்துச் சத்தியம் வாங்கினார். சின்னவளுக்கு இதுதான் நல்லது, இல்லாவிட்டால் ஊர் அவளை என்ன சொல்லிக் கூப்பிடும் என்று யோசித்துப் பார் என்றார். நானும் யோசித்தேன். சரியென்றுதான் பட்டது. எட்டு வருஷம் உன் பக்கத்தில் நின்று விளக்கேற்றினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் அந்த நாலு தாளையும் கிழித்தேன்.

பிப்ரவரியில் முகாமுக்கு வரும் வழியில், ரயில் ரோமில் இருபது நிமிஷம் நின்றது. அவள் வந்திருந்தாள். எல்வீரா அத்தைதான் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்து, என் ஜன்னலில் நின்றாள். கண்ணாடியைத் தட்டினாள். நான் திறக்கவில்லை. எதற்கு என்று கேட்காதே. பக்கத்தில் புதிதாகப் பழகிய பையன்கள் இருந்தார்கள், யார் அது என்று கேட்டால் என்ன சொல்வது என்றிருந்தது. அவ்வளவு அற்பமான காரணம். அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

வாய் இல்லாத குரலை நீ கேட்டாய். குரல் இல்லாத வாயை நான் பார்த்தேன்.

கடைசியில் ஒரு தாளைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். ரயில் நகர்ந்தபிறகும் கூடவே கொஞ்ச தூரம் நடந்தாள். அந்த மூன்று வரியும் எனக்கு மனப்பாடம்: ரோம், ஆற்றுக்கு அக்கரை, பழைய லாயத் தெரு பதினொன்று, முற்றத்துக்கு உள்ளே, ஒலிப்பதிவுக்கூடம்.

நீ எழுதியதை நான் நம்பாமல் இல்லை. முதல் வாசிப்பிலேயே நம்பினேன். அதனால்தான் அப்படி எழுதினேன்.

துல்லியோ


காஸ்தெல்வேந்தோ,
12 நவம்பர் 1964

துல்லியோ,

இந்த வீட்டில் பொய் சொல்கிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நான் சொன்ன பொய்யெல்லாம் மறுநாள் காலைக்குள் விடிந்துவிடும். கழுதையை அவிழ்த்துவிடுவேன், கோயில் கோபுரத்தில் வேடிக்கைக்குக் கட்டிய துணியை அவிழ்த்துவிடுவேன். எட்டு வருஷம் ஒரு பொய்க்குத் தீனி போட்டு வளர்க்க எனக்குத் தெரியாது. அதற்கு உன்னைப்போல நல்ல பிள்ளைதான் வேண்டும்.

முதல் வருஷம் விளக்கு அணைந்துவிட்டது என்று நான் அழுதேன். நினைவிருக்கிறதா? அம்மாவுக்குக் குளிரும் என்றேன். நீ உன் விளக்கை எடுத்து என்னுடையதை ஏற்றிவைத்தாய். ஊரில் உன்னைப்போல அண்ணன் உண்டா என்று எல்லோரும் சொன்னார்கள்.

தொப்பி இரவல் கொடுத்த அத்தைக்கும் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான். தொப்பி போட்டு நின்ற கழுதை யார் என்று இப்போது புரிகிறது.

பதில் எழுதாதே.


ஊதினே,
16 நவம்பர் 1964

லோரெதானா,

எழுதாதே என்றாய். இதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே.

விடுப்புக் கேட்டேன். குடும்பத்தில் யாருக்கு என்ன என்று தலைமை அதிகாரி கேட்டார். அம்மாவுக்கு என்றேன். என் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கம்மாதான் காலமாயிட்டாங்கன்னு எழுதியிருக்கே" என்றார். எழுதிக்கொடுத்தது நானே. விடுப்பு இல்லை.

நீ போவாய் என்று எனக்குத் தெரியும். போனால், ஜன்னல் இறுகிக்கொண்டது, எவ்வளவு இழுத்தும் வரவில்லை என்று அவளிடம் சொல்.

இல்லை. சொல்லாதே. அது நன்றாகத் திறக்கிற ஜன்னல்.

துல்லியோ


ரோம்,
21 நவம்பர் 1964, சனி

துல்லியோ,

உன்னை மன்னித்து எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. தகவலுக்காக எழுதுகிறேன்.

அப்பாவிடம் ஒளிக்கவில்லை. நேற்று அவருடைய ஆபீசுக்கே போய், இறப்புப் பதிவேட்டின்மேல் ஒரு விளக்கை ஏற்றாமல் வைத்தேன். செத்துட்டாங்கன்னா இதுல பேரை எழுதுங்க, இல்லைன்னா நாளைக்கு என்னைப் போக விடுங்க என்றேன். பேனாவைத் தொட்டார். மூடியைத் திறந்தார். ரொம்ப நேரம் கழித்து மூடிவிட்டார். இன்று காலை வாசல் கதவு தாழ் போடாமல் இருந்தது. அடுப்பின்மேல் எனக்கு ரொட்டி சுற்றி வைத்திருந்தது. மனிதரை ரயிலடிவரை தேடினேன், காணவில்லை.

பழைய லாயத் தெரு பதினொன்றில் முற்றம் முழுக்க சைக்கிள்கள். உள்ளே ஒரு கதவு, மேலே சிவப்பு விளக்கு. எரிந்தால் நுழையக்கூடாது என்று எழுதியிருந்தது. அனுமதியில்லாத இடத்துக்குள் நுழைவது எனக்குப் புதிதா என்ன?

இருட்டு. திரையில் ஏதோ வெளிநாட்டு ராணி படம். துண்டுப் பிலிமை வளையமாக ஒட்டி ஓடவிடுகிறார்கள், அதனால் ராணி வருகிறாள், பேசுகிறாள், திரும்பி நடக்கிறாள், மறுபடி வருகிறாள். மைக்கின் முன்னால் ஒரு குள்ளமான பெண்மணி. கட்டை முடி, கண்ணாடி, முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை. சத்தம் வரக்கூடாது என்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். பேய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பேய்க்குச் செருப்புத்தான் இல்லை. காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை.

எனக்கு நினைவிருந்த அம்மா உயரமானவள். நான் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஆளைத் தப்பாகப் பிடித்துவிட்டேனோ என்று பார்த்தேன். அப்போது அவள் பேசினாள்.

ராணி மூன்றாவது தடவை முதுகைத் திருப்பியபோது நான் இருட்டிலிருந்து சொன்னேன்.

"ஒண்ணரைல அரை முழிச்சிருக்கு."

அவள் திரும்பவில்லை. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி அறையிலிருந்து ஒருவர் யாருய்யா உள்ள விட்டது என்று சத்தம் போட்டார். வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. ராணி மறுபடி வந்தாள், வாயைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். ஒரு சத்தமும் இல்லை. ஊருக்கெல்லாம் குரல் கொடுக்கிறவளுக்குக் குரல் வரவில்லை, துல்லியோ. நீ ஜன்னலில் பார்த்தது என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீ எப்படி அதைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று ஆச்சரியமாக இருந்தது, பிறகு பாவமாகவும் இருந்தது. பாவம் என்பதற்கு மன்னிப்பு என்று அர்த்தம் இல்லை.

இப்போது அவளுடைய சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவளோடு போன அந்த ஆள் மூன்றாவது வருஷமே வேறு யாரோடோ போய்விட்டாராம். இவள் இங்கேயே தங்கிவிட்டாள். கடிதம் போட்டால் அப்பா கையெழுத்துப் போட்டுவிடுவார் என்ற பயம். பேய்க்குச் சம்மன் அனுப்ப முடியாது பார். அதனால் எந்தப் படத்தில் யார் முதுகைக் காட்டினாலும் நம்மை எண்ணிப் பார்த்திருக்கிறாள். கொள்ளைக்காரி, கன்னியாஸ்திரி, கிளியோபாட்ரா. பதினோரு படம். பத்தில் வெட்டி எறிந்துவிட்டார்கள். கோழிக்காரி மகன் ஃபாக்ஸ்லிதான், "யாரைக் கேக்குறான்னு தெரியல, ஆனா எனக்கே திரும்பிப் பார்க்கணும்னு தோணுது, இருக்கட்டும்" என்று விட்டுவைத்தாராம்.

குரல் வந்ததும் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? நான் எப்படி வந்தேன் என்பதில்லை. அப்பாவைப் பற்றியுமில்லை.

"ஒண்ணு எங்க?"

கிழங்கு சீவுது என்றேன். சிரித்தாள், மூக்கால். நீ உயரமா என்று கேட்டாள். ரொம்ப அழகு என்று ஒரு பொய் சொல்லிவைத்தேன்.

ஜன்னலைப் பற்றி நானாக எதுவும் சொல்லவில்லை. அவளாகவே, அது இறுகிக்கிட்டிருக்கும், பழைய ரயிலில்லையா என்றாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதை நீதான் வந்து சொல்ல வேண்டும், அவள் முகத்தைப் பார்த்து. உனக்காக அதற்கு யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள்.

அரை